துடிக்கும் அளவுகோல்கள்

1860 மே 21 இரவு ஜெர்மானிய வானியலாளர் ஆர்த்தர் ஆவர்ஸ், விருச்சிக ராசியிலுள்ள எம்80 கொத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் சற்றே அடர்ந்த, மங்கலான ஒளித்திட்டு அது. அன்று அதன் நடுவே ஒரு விண்மீன் பளிச்சென்று தெரிந்தது. அந்த ஒற்றைப் புள்ளியின் வெளிச்சத்தில் கொத்து முழுவதும் மங்கிக் கிடந்தது. ஒரு வாரம் கழித்து இங்கிலாந்தில் நார்மன் போக்சன் அதையே கண்டு திகைத்தார். அவர் தொலைநோக்கியை அந்தப் பக்கம் திருப்பியது பக்கத்திலிருந்த வேறு இரண்டு மாறொளி விண்மீன்களைப் பார்ப்பதற்காகத்தான். ஜூன் 10 வாக்கில் புதிய விண்மீன் ஏறக்குறைய மறைந்துவிட்டது.

இறந்துபோன ஒரு வெண்குள்ளன் தன் துணை விண்மீனிடமிருந்து வாயுவை இழுத்துச் சேர்த்து, அது திடீரென வெடித்ததால் உண்டான 'நோவா' என்று இன்று அதற்கு விளக்கம் உண்டு. கோளக் கொத்து ஒன்றுக்குள் மனிதர் கண்ட முதல் மாறொளி விண்மீன் அதுவே. அதைக் கண்டு திகைத்த போக்சன் மறு ஆண்டே அரசு வானியலாளராகச் சென்னைக்கு வந்தார். நுங்கம்பாக்கத்து வானாய்வகத்தில் முப்பது ஆண்டு பணியாற்றி 1891இல் இங்கேயே இறந்தார். அவருடைய உதவியாளர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் தென்வானத்தில் ஆர் ரெட்டிகுலி என்ற மாறொளி விண்மீனைக் கண்டறிந்தார். அது கொத்தைச் சேர்ந்ததல்ல, தனி விண்மீன். ஆனாலும் சென்னையில் அடிவானத்துக்கு மேல் 15 பாகைகூட ஏறாத ஒரு விண்மீனின் ஒளி மாறுகிறதென்று கண்டுபிடிக்க எத்தனை இரவு விழித்திருக்க வேண்டும் என்பதை வானம் பார்ப்பவர்கள் அறிவார்கள். போக்சன் விட்டுச்சென்ற பெரிய சொத்து 1856இல் அவர் வகுத்த பொலிவெண் கணக்கு: ஐந்து எண் வித்தியாசம் என்றால் ஒளியில் சரியாக நூறு மடங்கு வித்தியாசம். எண் கூடக்கூட விண்மீன் மங்கல். இந்தக் கணக்கு பின்னால் தேவைப்படும்.

நம் பால்வீதியைச் சுற்றி ஏறத்தாழ 150 கோளக் கொத்துகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் சில பத்தாயிரம் முதல் பல லட்சம் விண்மீன்கள், தங்கள் ஈர்ப்பாலேயே ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு உருண்டையாகத் திரண்டிருக்கின்றன. பெரும்பாலானவற்றின் வயது 1,100 கோடி ஆண்டுக்கு மேல். எல்லாவற்றிலும் பெரியது ஒமேகா சென்டாரி. அதில் ஏறத்தாழ ஒரு கோடி விண்மீன்கள். ஐரோப்பாவின் பெரும்பகுதியிலிருந்து பார்க்கவே முடியாத இதை, மே மாதக் கடைசியில் முன்னிரவு ஒன்பது மணிக்குத் தமிழ்நாட்டிலிருந்து நேர் தெற்கே, சுமார் 30 பாகை உயரத்தில் காணலாம். நகர வெளிச்சம் இல்லாத இடமாக இருந்தால் வெறுங்கண்ணே போதும். பண்டைய தாலமி தன் பட்டியலில் இதை ஒரு விண்மீன் என்றே எழுதினார். 1603இல் பேயரும் விண்மீன்களுக்குரிய கிரேக்க எழுத்தைத்தான் இதற்கும் கொடுத்தார். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

கொத்துக்குள் மாறொளி விண்மீன்கள் கூட்டம் கூட்டமாக இருக்கின்றன என்று தெரிய ஒளிப்படம் வர வேண்டியிருந்தது. கண்ணால் பார்த்து, இத்தனை நெருக்கத்தில் எந்தப் புள்ளி நேற்றைவிட மங்கியது என்று சொல்வது நடக்கிற காரியமல்ல. ஹார்வர்டு வானாய்வகம் பெரு நாட்டின் அரெகிப்பாவில், ஆண்டீஸ் மலையடிவாரத்தில், ஒரு கிளை நிலையம் வைத்திருந்தது. அங்கே சாலன் பெய்லி 1890களில் தென்வானத்துக் கொத்துகளைக் கண்ணாடித் தகடுகளில் படமெடுத்தார். ஒரே கொத்தின் வெவ்வேறு இரவுத் தகடுகளை ஒப்பிட்டபோது புள்ளிகள் பருப்பதும் சிறுப்பதும் தெரிந்தன. சில ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான மாறொளி விண்மீன்கள் அவர் கைக்கு வந்தன. ஒமேகா சென்டாரியில் மட்டும் நூற்றுக்கு மேல்.

பெய்லியின் சிறப்பு எண்ணிக்கையில் இல்லை; வகைப்படுத்தியதில் இருக்கிறது. இந்த விண்மீன்கள் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் தங்கள் சுற்றை முடித்துவிடுகின்றன. ஒளியளவை நேரத்துக்கு எதிரே வரைந்தபோது பெய்லிக்கு மூன்று வடிவங்கள் கிடைத்தன. அ வகை சடாரென்று ஏறி மெல்ல இறங்கும். ஆ வகையும் அதே போக்குதான், ஆனால் ஏற்றம் குறைவு. இ வகையில் ஏற்றமும் இறக்கமும் சீரான அலை. சுற்றுக்காலமும் குறைவு, பெரும்பாலும் ஆறு முதல் பத்து மணி நேரம். 1902இல் வெளியான ஒமேகா சென்டாரி பற்றிய நூலில் அவர் இதை விரிவாக எழுதினார். காரணம் எதுவும் தெரியாத காலத்தில் வளைகோட்டின் வடிவத்தை மட்டும் பார்த்துப் பிரித்த பிரிவு அது. முதல் இரண்டையும் இன்று ஒன்றாகச் சேர்த்துவிட்டோம் என்பதைத் தவிர, நூற்றாண்டு கடந்தும் அது நிற்கிறது. இந்த இனத்தின் பளிச்சென்ற உறுப்பினர் கொத்துக்கு வெளியே, லைரா விண்மீன் குழுவில் அகப்பட்டது. ஹார்வர்டு தகடுகளில் அதைக் கண்டுபிடித்தவர் வில்லியமினா ஃபிளெமிங். அதன் பெயரால் இனம் முழுவதையும் 'ஆர்.ஆர். லைரே' என்கிறோம்.

இவை ஏன் துடிக்கின்றன? இரட்டை விண்மீன்களாக இருக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தார்கள். 1914இல் ஹார்லோ ஷேப்லி அதை மறுத்தார்: கணக்குப்படி துணை விண்மீன் முதன்மை விண்மீனுக்குள்ளேயே சுற்ற வேண்டியிருந்தது! விண்மீனே விரிந்து சுருங்குகிறது என்றார் அவர். அந்த விரிவும் சுருக்கமும் ஓயாமல் நடக்க எந்த எஞ்சின் ஓடுகிறது என்பதற்கு வானியற்பியலாளர் எடிங்டன் அடித்தளமிட்டார். விடை முழுமையாகக் கிடைத்தது 1950களில், சோவியத் ஆய்வாளர் ஷெவாகின் முதலியோரால். எஞ்சின் இருப்பது மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே, ஹீலியம் அணுக்கள் தம் இரண்டாவது எலக்ட்ரானை இழக்கும் அடுக்கில். விண்மீன் சுருங்கும்போது அந்த அடுக்கு அழுந்துகிறது. வந்த ஆற்றல் வெப்பநிலையை உயர்த்துவதற்குப் பதில் எலக்ட்ரான்களைப் பிய்த்தெடுப்பதில் செலவாகிறது, அடுக்கு ஒளிபுகாததாகிறது, உள்ளிருந்து வரும் ஒளி அடைபட்டு, அழுத்தம் கூடி, மேலடுக்கை வெளியே தள்ளுகிறது. விரிந்தபின் எலக்ட்ரான்கள் மீண்டும் ஒட்டிக்கொள்ள, அடுக்கு தெளிந்து, ஒளி தப்பிக்க, மேலடுக்கு ஈர்ப்பில் விழுகிறது. கொதிக்கும் உலைமூடி எழுந்து எழுந்து விழுவது போல என்று சொல்லிவிடலாம். என்ன, இந்த மூடி சூரியனைப்போல் ஐந்து மடங்கு ஆரமுள்ளது.

எல்லா விண்மீனிலும் ஹீலியம் உண்டு. ஆனால் எல்லாம் துடிப்பதில்லை. மேற்பரப்பு அதிகச் சூடாக இருந்தால் அந்த அடுக்கு மிக மேலே வந்துவிடும், அதற்கு மேல் தள்ளுவதற்குப் பொருளே இராது. அதிகம் குளிர்ந்திருந்தால் வாயுவின் கொந்தளிப்பே வெப்பத்தைச் சுமந்துபோய்விடும். இரண்டுக்கும் இடைப்பட்ட, ஏறத்தாழ 6,000 முதல் 7,250 கெல்வின் வரையிலான குறுகிய பட்டையில் மட்டும் துடிப்பு நிலைக்கும். 1940இல் மார்ட்டின் ஷ்வார்ஸ்சைல்டு எம்3 கொத்தில் இதை நேரடியாகக் காட்டினார். மையத்தில் ஹீலியத்தை எரிக்கும் முதிய விண்மீன்கள் நிறத்துக்கும் ஒளிக்குமான வரைபடத்தில் கிடையாக ஒரே வரிசையில் நிற்கும். அந்த வரிசையின் நடுவில் ஒரு பகுதிக்குள் விழும் விண்மீன்கள் எல்லாமே மாறொளி விண்மீன்கள். அதற்கு வெளியே அவ்வகை ஒன்றுகூட இல்லை. பெய்லியின் இ வகை, வீணைத் தந்தியின் மேற்சுரம்போல முதல் மேல்நிலை அதிர்வில் துடிக்கிறது என்ற ஊகமும் அவருடையதே.

கிடை வரிசை என்ற இந்தச் செய்தியில்தான் பயன் முழுவதும் அடங்கியிருக்கிறது. வரிசை கிடையாக இருப்பதால், துடிக்கும் விண்மீன்கள் எல்லாவற்றுக்கும் ஏறத்தாழ ஒரே உண்மைப் பொலிவு. சூரியனைப்போல் நாற்பது ஐம்பது மடங்கு. பொலிவெண்ணில் சுமார் 0.6. 'உண்மைப் பொலிவெண்' என்பது 32.6 ஒளியாண்டு தொலைவில் வைத்துப் பார்த்தால் தெரியும் அளவு. எம்3இன் ஆர்.ஆர். லைரே விண்மீன்கள் நமக்குச் சுமார் 15.6 என்று தெரிகின்றன. வித்தியாசம் 15. போக்சன் கணக்கில் மூன்று ஐந்துகள்: நூறு, நூறு, நூறு, பெருக்கினால் பத்து லட்சம் மடங்கு மங்கல். ஒளி தொலைவின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். ஆகவே ஆயிரம் மடங்கு தொலைவு: 32,600 ஒளியாண்டு. இடையிலுள்ள தூசுக்கும் உலோக அளவுக்கும் சிறு திருத்தங்கள் செய்தால் இன்று ஏற்கப்படும் ஏறத்தாழ 33,000 வந்துவிடும். வெளியில் தனியாகத் திரியும் மாறொளி விண்மீனுக்கு எத்தனையோ ஐயங்கள் எழும். கொத்திலோ நூறு, இருநூறு விண்மீன்கள் ஒரே தொலைவில் நின்று ஒன்றுக்கொன்று சாட்சி சொல்கின்றன.

கொத்துகளில் மாறொளி விண்மீன்களை அளக்கும்படி ஷேப்லியைத் தூண்டியவர் பெய்லியே. 1914இல் ஹார்வர்டு சென்ற ஷேப்லியிடம், மவுண்ட் வில்சனின் 60 அங்குலத் தொலைநோக்கி இதற்கு வாகானது என்று அவர் சொன்னாராம். ஷேப்லி விடாப்பிடிக்காரர். வானம் பார்க்காத வேளைகளில் மவுண்ட் வில்சன் சுவரோரத்து எறும்புகளின் வேகத்தை வெப்பநிலையோடு ஒப்பிட்டு அதையும் ஆய்வாக வெளியிட்டவர். 1918இல் அவர் 69 கோளக் கொத்துகளின் தொலைவைக் கணித்து வரைபடத்தில் வைத்தார். கொத்துகளில் மூன்றில் ஒரு பங்கு, வானத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ இரண்டு பங்கே உள்ள தனுசு ராசிப் பக்கம் குவிந்திருந்தது. எல்லாம் சேர்ந்து பெரிய உருண்டையாகத் தெரிந்தன. அந்த உருண்டையின் மையத்தில் சூரியன் இல்லை. பல பத்தாயிரம் ஒளியாண்டு ஒதுங்கி, ஓரமாக இருந்தது. கொத்துகள் பால்வீதியின் மையத்தைத்தான் சுற்றுகின்றன என்றால், நாம் இருப்பது புறநகரில். கோப்பர்னிக்கஸ் பூமியை நகர்த்தியதற்கு ஈடான நகர்வு இது. ஆனால் பள்ளிக்கூடத்தில் கோப்பர்னிக்கஸின் பெயரைப் படித்த அளவுக்கு ஷேப்லியின் பெயரை நாம் படித்ததில்லை.

திசையைச் சரியாகச் சொன்ன ஷேப்லி அளவில் தவறினார். மையம் 65,000 ஒளியாண்டு என்றார். இன்றைய மதிப்பு ஏறத்தாழ 26,500. பால்வீதியின் விட்டம் மூன்று லட்சம் ஒளியாண்டு என்றார். தவறுக்கு ஒரு காரணம், விண்மீன்களுக்கு இடையே ஒளியை விழுங்கும் தூசு இருப்பதை அவர் கணக்கில் கொள்ளாதது. தூசால் மங்கியதைத் தொலைவால் மங்கியதாக எடுத்துக்கொண்டார். 1930இல் ராபர்ட் டிரம்ப்ளர் தூசை நிரூபித்தார். இன்னொரு காரணம் நுட்பமானது. ஹென்ரியட்டா லீவிட் 1912இல் சிறிய மெகல்லன் மேகம் என்ற பக்கத்து விண்மீன் மண்டலத்தில், செபீட் என்னும் துடிக்கும் விண்மீன்களில் கண்ட விதி, சுற்றுக்காலம் கூடக்கூடப் பொலிவும் கூடும் என்பது. அந்தச் செபீட்களும் கோளக் கொத்துகளில் ஆங்காங்கே உள்ள செபீட்களும் ஒரே இனம் என்று ஷேப்லி நம்பினார். முன்னவை இளைய, கனமான விண்மீன்கள். பின்னவை முதிய, எடை குறைந்தவை. ஒரே சுற்றுக்காலத்தில் நான்கில் ஒரு பங்கு வெளிச்சமே தருபவை.

இந்தப் பிழை வெளிப்பட்ட விதம் எனக்கு மிகவும் பிடித்தமானது. காரணம், அது காணாததைக் கொண்டு நடந்த கண்டுபிடிப்பு. வால்டர் பாடே, பலோமரின் புதிய 200 அங்குலத் தொலைநோக்கியை ஆண்ட்ரொமீடா விண்மீன் மண்டலத்தின் மேல் திருப்பினார். செபீட்களை வைத்துக் கணித்து அன்று ஏற்கப்பட்டிருந்த தொலைவு சரியென்றால், பொலிவெண் 22.4இல் அங்குள்ள ஆர்.ஆர். லைரே விண்மீன்கள் தகட்டில் விழ வேண்டும். ஒன்றுகூட விழவில்லை. அந்த எண்ணில் தெரிந்தவை அவற்றைவிட மிகப் பொலிவான சிவப்புப் பெருவிண்மீன்கள் மட்டுமே. அப்படியென்றால் ஆண்ட்ரொமீடா நினைத்ததைவிட வெகு தொலைவில் இருக்க வேண்டும். 1952இல் ரோமில் நடந்த பன்னாட்டு வானியல் மாநாட்டில் பாடே இதை அறிவித்தபோது, தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்திருந்த டேவிட் தாக்கரே எழுந்து தன் பங்கைச் சொன்னார்: மெகல்லன் மேகங்களின் கோளக் கொத்துகளில் அவர் குழு ஆர்.ஆர். லைரே விண்மீன்களைக் கண்டுபிடித்திருந்தது, அவையும் எதிர்பார்த்ததைவிட மங்கலாகவே இருந்தன. இரு சாட்சியும் ஒன்றுபட்டன. வெளி விண்மீன் மண்டலங்களின் தொலைவுகள் ஏறத்தாழ இரட்டித்தன. அதோடு பேரண்டத்தின் வயதும்.

அதுவரை அளவுகோலாக இருந்த விண்மீன்கள் இதற்குள் தாங்களே புதிராகத் தொடங்கியிருந்தன. 1939இல் லெய்டனின் பீட்டர் ஊஸ்டர்ஹாஃப் ஐந்து கொத்துகளின் தரவுகளை வைத்து ஒரு சிறு குறிப்பு எழுதினார். எம்3, எம்5 இரண்டிலும் முதன்மை அதிர்வில் துடிக்கும் விண்மீன்களின் சராசரிச் சுற்றுக்காலம் 0.55 நாள், அதாவது 13 மணி நேரத்துக்குச் சற்று மேல். எம்15, எம்53, ஒமேகா சென்டாரி மூன்றிலும் 0.65 நாள், பதினைந்தரை மணி நேரம். முதல் கூட்டத்தில் இ வகை விண்மீன்கள் ஆறில் ஒரு பங்கு. இரண்டாவதில் பாதியை நெருங்கும். பிற்பாடு அளந்த பால்வீதிக் கொத்துகளும் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றில் போய் விழுந்தன. இடைவெளியில் ஏறக்குறைய ஆளே இல்லை. உலோகம் மிகக் குறைந்த கொத்துகள் இரண்டாம் கூட்டத்தில், சற்றுக் கூடியவை முதலாவதில் என்பது பொது விதி. (வானியலாளர்களுக்கு ஹீலியத்தைவிடக் கனமான தனிமம் எல்லாமே உலோகம்தான், ஆக்சிஜன் உட்பட.) விதிக்கு அடங்காதவையும் உண்டு: உலோகம் நிறைந்த என்ஜிசி 6388, என்ஜிசி 6441 இரண்டும் இரண்டாம் கூட்டத்தையும் தாண்டி, மற்ற எல்லாவற்றையும்விட நீண்ட சுற்றுக்காலத்தோடு துடிக்கின்றன.

இன்னும் விசித்திரம், பால்வீதியைச் சுற்றும் குறு விண்மீன் மண்டலங்களும் அவற்றின் கொத்துகளும் அந்த வெற்று இடைவெளிக்குள்ளேயே தாராளமாக விழுகின்றன. பால்வீதியின் ஒளிவட்டம் சிறு மண்டலங்களை விழுங்கி வளர்ந்தது என்பது இன்றைய பொதுக் கருத்து. விழுங்கப்பட்டவை இன்று மிச்சமிருக்கும் குறுமண்டலங்களைப் போலவே இருந்திருந்தால் இடைவெளி நிரம்பியிருக்க வேண்டுமே என்று மார்சியோ கத்தேலன் போன்றோர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. விழுங்குவது நடக்கிறது என்பதில் ஐயமில்லை. 1778இல் மெஸ்ஸியே பட்டியலிட்ட எம்54, தனுசு ராசிக் குறுமண்டலத்தைச் சேர்ந்தது என்று 1994இல் அந்த மண்டலம் கண்டுபிடிக்கப்பட்ட பிறகுதான் விளங்கியது. ஒமேகா சென்டாரியே விழுங்கப்பட்ட ஒரு குறுமண்டலத்தின் எஞ்சிய மையம் என்று பலர் கருதுகிறார்கள். பல தலைமுறை விண்மீன்கள் அதில் கலந்திருப்பது இதற்கு வலுவான ஆதாரம்.

எம்3ஐயும் எம்13ஐயும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் வடவானத்தில் தொடக்கநிலைப் பார்வையாளருக்குப் பழக்கமானவை. உலோக அளவு ஏறத்தாழ ஒன்றே. வயதிலும் பெரிய வித்தியாசம் இல்லை. எம்3இல் ஆர்.ஆர். லைரே 200க்கு மேல். எம்13இல் பத்துகூட இல்லை. 47 துக்கானே என்ற மாபெரும் கொத்தில் உறுதியானது ஒன்றே ஒன்று. ஆனால் அதற்குக் காரணம் தெரியும், அங்கே உலோகம் கூடுதலாக இருப்பதால் கிடை வரிசை முழுதும் துடிப்புப் பட்டைக்கு வெளியே, குளிர்ந்த பக்கம் நிற்கிறது. எம்13இன் கிடை வரிசையோ மறுபக்கம், சூடான நீலப் பகுதிக்கு ஓடிவிட்டிருக்கிறது. உலோகத்தைத் தவிர இன்னொரு காரணி இருக்கிறது என்று 1960களிலேயே சொல்லிவிட்டார்கள். அதற்கு 'இரண்டாம் காரணி' என்ற பெயரும் வைத்தாயிற்று. அது வயது என்று ஒரு சாரார் நெடுங்காலம் வாதிட்டார்கள். ஒரு கொத்துக்குள்ளேயே ஹீலியம் அளவு வேறுபட்ட தலைமுறைகள் உண்டு என்று 2000களில் தெரிந்தபின் தராசு ஹீலியத்தின் பக்கம் சாய்ந்தது: ஹீலியம் கூடிய விண்மீன் வேகமாக முதிரும், கிடை வரிசைக்கு வரும்போது எடை குறைந்து, சூடாக, நீலமாக இருக்கும். சிவப்புப் பெருவிண்மீனாக இருக்கும்போது எவ்வளவு எடையை உதறுகிறது என்பதும் முடிவைத் தீர்மானிக்கும். அந்த உதறலைக் கோட்பாட்டிலிருந்து கணக்கிட இன்னும் நல்ல வழி இல்லை. இரண்டு கொத்துகளையும் பொலிவைக் கொண்டு மட்டும் ஒப்பிட்டிருந்தால் இந்தப் புதிர் வெளிச்சத்துக்கு வரப் பல காலம் ஆகியிருக்கும் என்பது என் எண்ணம். ஒன்றில் இருநூறு, மற்றதில் பத்துக்குள் என்ற மாறொளி எண்ணிக்கைதான் முகத்திலறைந்தது.

அந்த எண்ணிக்கைகளை யார் சேர்த்தது? ஹெலன் சாயர் ஹாக். ஷேப்லியிடம் பயின்ற அவர் 1931இல் கணவருடன் கனடாவின் விக்டோரியாவுக்குச் சென்றார். வேலை கணவருக்குத்தான், இவர் சம்பளமில்லாத உதவியாளர் என்ற பெயரில் 72 அங்குலத் தொலைநோக்கியில் கொத்துகளைப் படமெடுத்தார். கைக்குழந்தையைக் கூடையில் கிடத்தி, குளிரடிக்கும் தொலைநோக்கிக் கூண்டுக்குள்ளேயே தூங்கவைத்துவிட்டு வேலை செய்த இரவுகளும் உண்டு. 1939இல் அவர் வெளியிட்ட பட்டியலில் 1,116 மாறொளி விண்மீன்கள். 1955இலும் 1973இலும் அதைத் திருத்தி விரித்தார். அவருக்குப் பின் டொரன்டோவின் கிறிஸ்டின் கிளமென்ட் தொடர்ந்தார், 2001இல் எண்ணிக்கை ஏறத்தாழ 3,000. நெறிமுறை எளிது: எந்தக் கொத்து, எந்த விண்மீன், எங்கே, எவ்வளவு, எத்தனை நாள். கோட்பாடு சொன்னவர்கள் பேர் வாங்கினார்கள்; அவர்கள் எல்லோர் மேசையிலும் விரிந்து கிடந்தது இந்தப் பட்டியல்.

நெருக்கமான கொத்து மையங்களில் தகடுகள் வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். 1998இல் அலார், லப்டன் இருவரும் வகுத்த படக்கழித்தல் முறை இதை மாற்றியது. ஒரு படத்தின் தெளிவை இன்னொன்றுக்கு இசையச் செய்து ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால், மாறாத விண்மீன்கள் எல்லாம் மறைந்து மாறியவை மட்டும் மிஞ்சும். இந்த முறையைக் கையாண்டவர்களில் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் சுனேத்ரா கிரிதரும் மெக்சிகோவின் அர்மாந்தோ அரேயானோ ஃபெர்ரோவும் அடங்கிய குழு ஒன்று. லடாக்கின் ஹான்லேயிலுள்ள இரண்டு மீட்டர் இமாலய சந்திரா தொலைநோக்கியை, பெங்களூரு அருகே ஹொசக்கோட்டையிலிருந்து இயக்கிக் கொத்து கொத்தாக அளந்தார்கள். ஒளிவளைகோட்டின் வடிவத்திலிருந்தே உலோக அளவையும் பொலிவையும் கணிப்பது அவர்கள் வழி.

தகடுகளின் காலம் முடிந்துவிட்டாலும் தகடுகள் முடிந்துவிடவில்லை. கிடை வரிசையில் விண்மீன் நிற்பது சுமார் பத்துக் கோடி ஆண்டு. அதற்குள் அது மெல்ல இடம் நகர்வதால், அடர்த்தி மாறி, சுற்றுக்காலமும் மாற வேண்டும். கோட்பாட்டின்படி பத்து லட்சம் ஆண்டில் ஒரு நாளின் சிறு பின்னம்தான். ஆனால் பெய்லியின் தகடு முதல் இன்றைய படம் வரை நூறு ஆண்டுக்கு மேல் துடிப்புகளை எண்ணினால், அத்தனை சிறு மாற்றமும் வளைகோட்டில் முன்பின்னாகச் சேர்ந்து தெரிந்துவிடும். எம்3க்கு புடாபெஸ்ட்டின் கொங்கோலி வானாய்வகம் பல பத்தாண்டுகள் இதைச் செய்திருக்கிறது. விடை எதிர்பார்த்தபடி இல்லை. சில விண்மீன்களின் சுற்றுக்காலம் நீள்கிறது, சிலவற்றில் குறைகிறது, சிலவற்றில் சில ஆண்டு நீண்டு திடீரெனத் திசைமாறுகிறது. பலவற்றில் மாற்றத்தின் வேகம் முதிர்ச்சிக் கணக்கு அனுமதிப்பதைவிடப் பல மடங்கு. 1907இல் செர்கேய் பிளாஷ்கோ முதலில் கவனித்த, வாரக்கணக்கில் ஏறி இறங்கும் வளைகோட்டு மாறுபாடு எம்3இன் பல விண்மீன்களிலும் உண்டு. கெப்ளர் விண்கலம் 2010 வாக்கில் ஆர்.ஆர். லைரே விண்மீனிலேயே ஒன்றுவிட்டு ஒரு துடிப்பு உயர்ந்து தாழ்வதைக் காட்டியது. பிளாஷ்கோ விளைவுக்கு எல்லோரும் ஏற்கும் விளக்கம் இன்றுவரை இல்லை.